முடி உள்ளே வளர்ந்தால்: கணவனும் மனைவியும் அறிய வேண்டியவை

(குடும்ப நலக் கூட்டத்தில் தம்பதியரிடையே ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருக்கிற விஷயத்தைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கூச்சம் வரும். "சவரத்தைப் பற்றிப் பேசவா எங்களைக் கூப்பிட்டீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரலாம். பரவாயில்லை. கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள். சவரம் செய்த இடத்தில் வருகிற சின்னக் கொப்புளம் ஒன்று ஒரு குடும்பத்தையே பிரிக்கப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். ஆகவேதான் பேசுகிறேன்.

மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்துத் தம்பதியர் அவர்கள். பெயர் வேண்டாம். கணவர் கொத்தனார். அடையாறு பக்கம் கட்டட வேலைக்குப் போய் இருபது நாள், ஒரு மாதம் என்று அங்கேயே தங்குவார். ஊருக்கு வந்த ஒரு தடவை அவருடைய மறைவிடத்தில் சிவப்புச் சிவப்பாகப் பரு இருப்பதை மனைவி பார்த்துவிட்டார். "பட்டணத்துக்குப் போய் எங்கேயோ ஒட்டவச்சுக்கிட்டு வந்திருக்கே" என்றார். அவர் இல்லை என்றார், இந்த அம்மாள் நம்பவில்லை. மூன்று மாதம் பேச்சு கிடையாது, படுக்கை தனி. மாமியாருக்கும் விஷயம் தெரிந்து, பிறந்த வீட்டுக்குப் போகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் கிராம சுகாதார செவிலியர் அந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்து, இருவரையும் மருத்துவரிடம் அழைத்து வந்தார்.

மருத்துவர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு பருவின் நடுவிலும், தோலுக்கு அடியில், வளைந்த கறுப்புக் கோடு. ஊசி முனையால் ஒன்றை மெல்லத் தூக்கினார். சுருண்டு கிடந்த முடி வெளியே எழுந்து நின்றது. "இதுதான் உன் வீட்டுக்காரர் ஒட்டவச்சுக்கிட்டது. அவரோட சொந்த முடி" என்றார். அந்த அம்மாள் முதலில் அழுதார், பிறகு சிரித்தார். வேலை இடத்தில் நாலைந்து பேர் ஒரே ரேசரை வைத்துக்கொண்டு, தண்ணீர்கூடச் சரியாகப் போடாமல் சவரம் செய்துகொண்டதில் வந்த வினை அது.

அதோடு மருத்துவர் விட்டுவிடவில்லை. இருவருக்கும் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். ஒரே ரேசரைப் பலர் பயன்படுத்தியது ஒரு காரணம். கண்ணால் பார்த்து மட்டும் எல்லாவற்றையும் முடிவு கட்டக் கூடாது என்பது இன்னொரு காரணம். முடிவு நல்லபடியாக வந்தது.

இது என்ன கோளாறு?

நம் ஊரில் இதற்கு ஆளுக்கொரு பெயர். சூட்டுக் கொப்புளம் என்பார்கள், சிரங்கு என்பார்கள், "கத்தி சேரல" என்பார்கள். உண்மையில் இது மேலே வர வேண்டிய முடி திசை மாறித் தோலுக்குள்ளேயே புகுந்து வளர்வது. தோலுக்கு அது முள் குத்திய மாதிரி. முள் குத்தினால் சுற்றிலும் சிவந்து வீங்கி, நீர் கோத்து, சில நேரம் சீழ் பிடிக்கிறது அல்லவா? அதே கதைதான் இங்கேயும். ஆனால் இந்த முள் வெளியிலிருந்து வரவில்லை, உடம்பிலேயே முளைத்தது.

தோலில் ஒவ்வொரு முடியும் ஒரு சின்னக் குழியிலிருந்து கிளம்புகிறது. அதை மயிர்க்கால் என்கிறோம். நாற்றங்காலில் நாற்று நிற்பதுபோல் முடி அதில் நிற்கிறது. பிளேடால் வெட்டும்போது முடியின் நுனி சாய்வாக, மூங்கிலைச் சீவிய மாதிரிக் கூராகிவிடுகிறது. அப்புறம் இரண்டு விதமாகத் தவறு நடக்கும். ஒன்று, வெளியே வந்த முடி வளைந்து பக்கத்துத் தோலைக் குத்திக்கொண்டு திரும்ப உள்ளே போகும். மற்றொன்று, தோலை இழுத்துப் பிடித்து ஒட்டச் சவரம் செய்யும்போது முடி தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்படும். கையை விட்டதும் தோல் மூடிக்கொள்ளும். கூரான நுனி வெளியே வர வழியில்லாமல் மயிர்க்காலின் சுவரையே துளைத்துவிடும்.

இப்போது தெரிகிறதா, "நல்லா வழவழன்னு எடுத்துவிடுங்க" என்று சலூனில் கேட்பது எவ்வளவு ஆபத்து என்று? எவ்வளவு ஒட்ட எடுக்கிறோமோ அவ்வளவு சுலபமாக முடி உள்ளே மாட்டிக்கொள்ளும். இரண்டு, மூன்று, ஐந்து பிளேடு அடுக்கிய ரேசர்கள் கடையில் தொங்குகின்றன. முதல் பிளேடு முடியை இழுக்கும், அடுத்தது வெட்டும், மிச்சம் தோலுக்குள்ளே போய்விடும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒற்றை பிளேடே உத்தமம்.

சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம் வரும். அமெரிக்க இராணுவத்தில் கறுப்பின வீரர்கள் பலர் தினமும் சவரம் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டளையால் அவதிப்பட்டார்கள். மருத்துவர் சான்று தந்து அவர்களுக்குச் சவரத்திலிருந்து விலக்கு அளித்த வழக்கம் அங்கே உண்டு. நம்மவர்களுக்கும் சுருட்டை முடி குறைவில்லை. தி.நகர் துணிக்கடைகளில் விற்பனையாளராகவும் காவலாளாகவும் வேலை பார்க்கிற நம் கிராமத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். முழுச் சவரத்தோடு வர வேண்டும் என்று கேட்பார்கள். அவசரமாகக் காலையில் வறட்டுச் சவரம், பிறகு பகல் முழுதும் வியர்வை, கழுத்துப்பட்டை உராய்வு. தாடைக்குக் கீழே கழுத்தில் பரு வரிசை கட்டி நிற்கும்.

முகச் சவரம் எப்படிச் செய்வது?

குளித்த பிறகு செய்யுங்கள். இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் முகத்தில் ஒற்றி எடுங்கள். காய்ந்த முடி கம்பி மாதிரி. ஊறிய முடி மிருதுவாகி, சுலபமாக வெட்டுப்படும். சோப்பையோ சவர கிரீமையோ நன்றாக நுரைக்கப் பூசுங்கள். வறட்டுச் சவரம் கூடவே கூடாது.

முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறதோ அந்தப் பக்கமே பிளேடு போக வேண்டும். கன்னத்தில் மேலிருந்து கீழாக வளரும். கழுத்தில் பலருக்குக் கீழிருந்து மேலாகவோ பக்கவாட்டிலோ வளரும். இரண்டு நாள் முடி வளரவிட்டு விரலால் தடவிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். எந்தப் பக்கம் தடவினால் சொரசொரப்பு இல்லையோ அதுதான் வளரும் திசை. எதிர்த் திசையில் போகவேண்டாம். தோலை இழுத்துப் பிடிக்க வேண்டாம். ஒரே இடத்தில் மூன்று நான்கு தடவை ஓட்ட வேண்டாம். அழுத்தாமல், சின்னச் சின்ன இழுப்பாக இழுத்து, ஒவ்வொரு தடவையும் பிளேடைத் தண்ணீரில் அலசுங்கள். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் முகத்தைக் கழுவித் துண்டால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்.

மழுங்கிய பிளேடு முடியை வெட்டாது, பிய்க்கும். நாலைந்து சவரத்துக்கு ஒரு தடவை பிளேடை மாற்றுங்கள். சவரம் முடிந்தால் ரேசரை உதறிக் காய வையுங்கள். பழைய பிளேடைக் கூரையில் செருகுவது, ஜன்னலில் வைப்பது, குப்பையில் வீசுவது எல்லாம் குழந்தை கையில் போய் முடியும். ஒரு தகர டப்பாவில் துளை போட்டு அதற்குள் போடுங்கள்.

தினமும் சவரம் தேவையில்லாதவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யலாம். கத்தரியாலோ, முடி கத்தரிக்கும் டிரிம்மர் இயந்திரத்தாலோ கொஞ்சம் நீளம் விட்டு வெட்டிக்கொள்வது எல்லாவற்றிலும் பாதுகாப்பு. ஒரு மில்லிமீட்டர் நீளம் வெளியே நின்றாலே முடி உள்ளே புகுவது பெரும்பாலும் நின்றுபோகும்.

ஒரு ரேசர், ஒரே ஆள்

சலூனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், இதே சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் செய்த வேலை அது. டாக்டர் சுனிதி 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம் பிற்காலத்தில் அடையாறை அடுத்த தரமணியில், தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனை வளாகத்தில் இயங்கிற்று. எய்ட்ஸ் பற்றிய பிரச்சாரம் பரவிய பிறகே, ஆளுக்குப் புதுப் பாதி பிளேடு மாட்டும் கத்தி சலூன்களில் வழக்கமாயிற்று. திருப்பதி கல்யாணகட்டாவில் மொட்டை போட்டவர்களுக்கும் இந்தப் பாதி பிளேடு பழக்கம்தான்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சவரத்தால் எச்.ஐ.வி. பரவுவது மிக அரிது. ஆனால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி முரட்டுக் கிருமி. உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில், ஏழு நாள்கூட உயிரோடிருக்கும். ஆகவே சலூனில் உட்கார்ந்ததும், "அண்ணே, புது பிளேடு போடுங்க" என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். எல்லோர் முகத்திலும் தேய்க்கிற படிக்காரக் கட்டியை உங்கள் முகத்தில் தேய்க்க விடாதீர்கள். அந்தக் கட்டி முன்னால் வந்தவரின் வெட்டுக்காயத்திலும் பட்டுத்தான் வந்திருக்கும்.

சவரத் தொழில் செய்யும் சகோதரர்கள் யாராவது இங்கே இருந்தால், உங்களுக்கும் ஒன்று. வெட்டிய துண்டு முடி உங்கள் விரல் இடுக்கில் குத்தி உள்ளே போய்ப் புண்ணாவது உண்டு. இரவில் விரல் இடுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒட்டியிருக்கும் முடியை எடுத்துவிடுங்கள்.

வீட்டிலும் இதே சட்டம்தான். கணவன் ரேசரை மனைவி எடுப்பதும், அண்ணன் ரேசரைத் தம்பி எடுப்பதும் வேண்டாம். கணவன் மனைவிக்குள் எல்லாம் பொதுவாக இருக்கலாம். பிளேடும் பல் துலக்கும் பிரஷ்ஷும் மட்டும் தனித்தனி.

பெண்களுக்கு

கல்யாணச் சேலை எடுக்கத் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு வருகிற பெண்கள், பக்கத்திலேயே அழகு நிலையத்துக்குப் போய்ப் புருவம் திருத்திக்கொள்கிறார்கள், கை கால் முடிக்கு மெழுகுப் பூச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. நூலும் மெழுகும் முடியை வேரோடு பிடுங்கப் பார்க்கும். பாதியில் அறுந்த முடி திரும்ப வளரும்போது தோலுக்குள் மாட்டிக்கொள்ளலாம். எனவே முகூர்த்தத்துக்கு முதல் நாள் புதிதாக எதையும் செய்து பார்க்காதீர்கள். ஒரு வாரம் முன்னதாகச் செய்தால், பரு வந்தாலும் அடங்க நேரம் இருக்கும். நூலைப் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். மெழுகில் ஒருமுறை விட்ட குச்சியை மறுபடி அதிலேயே விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முடியைக் கரைக்கும் கிரீம்கள் முடி நுனியைக் கூராக்காமல் மழுக்கிவிடும். அதனால் உள்ளே குத்துவது குறையும். ஆனால் காரமான மருந்து. முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டளவு தடவிப் பார்த்து, ஒரு நாள் காத்திருந்து, அரிப்போ எரிச்சலோ இல்லையென்றால் மட்டும் உபயோகியுங்கள். அட்டையில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மறைவிடத்துக்கு வேண்டவே வேண்டாம். அங்கே தோல் மெல்லியது, வெந்துபோகும்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை மாதிரி நாட்டு மருந்துக் கடைகளில் கஸ்தூரி மஞ்சள், பாசிப்பயறு மாவு வாங்கி வருகிறோம். நம் பாட்டிமார் வழக்கம். பயறு மாவு அழுக்கையும் எண்ணெயையும் எடுக்கும், நல்லது. ஆனால் மஞ்சள் பூசினால் முடி அடியோடு போய்விடும் என்று நம்பிப் பரபரவென்று தேய்த்துத் தோலைப் புண்ணாக்காதீர்கள். பீர்க்கங்காய் நாரை நன்றாக ஊறவைத்து, வாரம் இரண்டு நாள், மெதுவாக வட்டமாகத் தேய்த்தால் செத்த தோல் உதிர்ந்து முடி வெளியே வர வழி கிடைக்கும். செங்கல் துண்டு, காய்ந்த நார், உப்புக்கல் எதுவும் வேண்டாம். பரு சிவந்திருக்கும்போது நாரும் வேண்டாம்.

இன்னொரு செய்தி. ஒரு பெண்ணுக்கு மோவாயிலும் மேலுதட்டிலும் முடி அதிகமாகிக்கொண்டே போய், மாதவிலக்கும் தள்ளித் தள்ளி வந்தால், அது சவர விஷயம் அல்ல. சினைப்பை நீர்க்கட்டி போன்ற சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். குழந்தை தங்குவதில் தாமதம் ஏற்படுவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. மருத்துவரிடம் காட்டுங்கள். கணவன்மார்களே, "மீசைக்காரி" என்று கேலி செய்யாமல் கூட வாருங்கள்.

மறைவிடத்து முடி

இங்கேதான் கூச்சம் அதிகம், குழப்பமும் அதிகம். மறைவிடத்து முடி அழுக்கு அல்ல. துணியின் உராய்விலிருந்தும் உரசலிலிருந்தும் தோலைக் காக்க இயற்கை வைத்தது. தினமும் தண்ணீர் விட்டுக் கழுவி, பருத்தி உள்ளாடையைத் துவைத்து வெயிலில் காயப்போட்டு உடுத்தினால் போதும். எடுத்தே ஆக வேண்டும் என்று உடல்நலம் கேட்கவில்லை. மார்க்க வழக்கப்படி எடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள். வழக்கத்தை விடச் சொல்லவில்லை. ஊறவைத்து, நுரை போட்டு, சொந்தப் புதுப் பிளேடால், முடி வளரும் திசையில் எடுங்கள். மற்றவர்களுக்குக் கத்தரியால் கவனமாகக் குறைத்துக்கொள்வதே நல்லது. சவரம் செய்தால் ஓரிரண்டு நாள் இறுக்கமான உடுப்பும் உடலுறவும் வேண்டாம். அந்த இடம் உரசி எரியும், சின்ன வெட்டு வழியே கிருமி போகும்.

பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் முன்னால்

இப்போது சொல்லப்போவதை வீட்டில் மாமியாரிடமும் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பிரசவத்துக்கு வருகிற பெண்ணுக்கு மறைவிடத்தைச் சவரம் செய்வது ஆஸ்பத்திரி வழக்கமாக இருந்தது. அதைப் பார்த்த நம் பெண்கள், சவரம் செய்யாமல் போனால் திட்டுவார்கள் என்று பயப்படுகிறார்கள். வலி எடுத்த பிறகு, நிறைமாத வயிற்றோடு, கீழே பார்க்கவும் முடியாமல், வீட்டுக்காரரின் பழைய பிளேடை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போன பெண்ணை நான் அறிவேன். வெட்டிக்கொண்டு இரத்தம் வழிந்தது. அதோடு ஒரு மணி நேரம் வீணாயிற்று. வலி எடுத்த பெண்ணுக்கு ஒரு மணி நேரம் என்றால் சும்மாவா?

சவரம் செய்வதால் தாய்க்கு நன்மை உண்டா என்று 1922-லேயே அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் காய்ச்சலில் வித்தியாசம் தெரியவில்லை. பிற்பாடு செய்த ஆய்வுகளும் அப்படியே சொல்லின. 2015-இல் உலக சுகாதார நிறுவனம், சுகப்பிரசவத்துக்கு முன் வழக்கமாகச் சவரம் செய்வது வேண்டாம் என்றே பரிந்துரை செய்தது. ஆகவே தாய்மார்களே, வலி எடுத்தால் 108-ஐக் கூப்பிட்டு உடனே கிளம்புங்கள். முடியைப் பற்றி ஒரு நினைப்பும் வேண்டாம். உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் அது ஒரு பொருட்டே அல்ல.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கும் இதே பேச்சுதான். பெண் செய்துகொண்டாலும் சரி, ஆண் செய்துகொண்டாலும் சரி, முதல் நாள் இரவு வீட்டில் சவரம் செய்துகொண்டு வராதீர்கள். பிளேடு கீறிய கண்ணுக்குத் தெரியாத வெட்டுகளில் இரவு முழுதும் கிருமி பெருகும். காலையில் வரும்போது கொப்புளமாக நிற்கும். அப்படி வந்த ஒருவரை, "இது ஆறட்டும், அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் ஆறி வருவதற்குள் மனைவிக்கு நாள் தள்ளிப்போய்விட்டது. நாலாவது குழந்தை. ஒரு பிளேடு செய்த வேலையைப் பாருங்கள்.

1971-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிளேடால் சவரம் செய்து அறுவைச் சிகிச்சை செய்தவர்களில் நூற்றுக்கு 5.6 பேருக்குப் புண் சீழ் பிடித்தது. முடியை எடுக்காமலோ, கரைக்கும் கிரீமால் எடுத்தோ செய்தவர்களில் அது நூற்றுக்கு 0.6 பேர்தான். ஏறக்குறைய ஒன்பது மடங்கு வித்தியாசம். 2016-இல் உலக சுகாதார நிறுவனம், அறுவைச் சிகிச்சைக்கு முடியை எடுக்காமலே விடலாம், அவசியமென்றால் கத்தரிக்கும் இயந்திரத்தால் மட்டும் எடுக்கலாம், சவரம் கூடாது என்று சொல்லிவிட்டது. எனவே குளித்து, சுத்தமான துணி உடுத்தி வாருங்கள். மற்றதை மருத்துவமனையில் பார்த்துக்கொள்வார்கள்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

முதல் காரியம், சவரத்தை நிறுத்துங்கள். ஒரு மாதம் பொறுங்கள். தாடி முடி நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் வளரும். இருபத்தைந்து நாளில் ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். அவ்வளவு நீளம் வந்ததும் வளைந்த முடி வில் நிமிர்வதுபோல் தானாகவே தோலை விட்டு வெளியே வந்துவிடும். முதல் வாரம் சற்று அதிகமாகத் தெரியலாம், பயப்படாதீர்கள். காலை மாலை வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். வளையமாக வெளியே தெரிகிற முடியை மட்டும், கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் மெல்லத் தூக்கி விடலாம். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் புது முடி மறுபடி உள்ளேயே வளரும்.

கிள்ளாதீர்கள், பிதுக்காதீர்கள். நம் மாதிரி மாநிறமும் கறுப்பும் உள்ள தோலில் பரு ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். சிலருக்குத் தழும்பு மேடாகவே தடித்துவிடும். சுண்ணாம்பு, பல்பொடி, சாணம் எதையும் அப்ப வேண்டாம். மருந்துக் கடையில் "ஏதாவது ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள். அப்படிக் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த களிம்பாக இருக்கும். போட்ட மறுநாளே அடங்கும். விடாமல் போட்டால் தோல் காகிதம் மாதிரி மெலிந்து, தொடை இடுக்கில் வரிவரியாக வெடித்து, படர்தாமரையும் பரவும்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்? சீழ் வைத்த கட்டி பெரிதானால், சிவப்பு சுற்றிலும் பரவினால், காய்ச்சல் வந்தால் அன்றே போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காத்திருக்கவே கூடாது. மறைவிடத்தில் நீர்க் கொப்புளம், குழிப்புண், வலியில்லாத புண், சீழ் ஒழுகுதல், தொடை இடுக்கில் நெறிகட்டுதல் இருந்தாலும், சவரமே செய்யாத இடத்தில் புண் வந்தாலும், அது முடி விஷயமாக இராது. பால்வினை நோயா என்று பார்க்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போங்கள். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் நோய் மற்றவரிடமிருந்து திரும்ப வரும். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

நினைவில் வைக்க

1. ஊறவைத்து, நுரை போட்டு, முடி வளரும் திசையில் சவரம் செய்க.
2. ஒட்ட எடுக்காதீர், தோலை இழுக்காதீர்.
3. ஆளுக்கொரு ரேசர், சலூனில் புது பிளேடு.
4. பரு வந்தால் சவரத்தை ஒரு மாதம் நிறுத்துக, கிள்ளாதீர்.
5. பிரசவத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கும் முன் வீட்டில் சவரம் வேண்டாம்.
6. சந்தேகம் வந்தால் சண்டை வேண்டாம். இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் செல்க.

கடைசியாக ஒன்று. நான் முதலில் சொன்ன அந்தக் கொத்தனார் இப்போது தனக்கென்று ஒரு ரேசரைச் சின்னப் பையில் போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தது அவர் மனைவி. மூன்று மாதம் பேசாமல் இருந்ததை நினைத்து இப்போதும் அந்த அம்மாள் வருத்தப்படுவார். "அன்னிக்கே கேட்டிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதேம்மா" என்பார். கேளுங்கள். ஒருவரையொருவர் கேளுங்கள், தெரியாததை எங்களிடம் வந்து கேளுங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் அதற்காகத்தான் இருக்கிறது.